திரும்புவது எந்த மைதானத்துக்கு? காலிழந்த இளம் வீரர் முன்னுள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்து, பதினேழு வயது மாணவன் ஒருவனின் எதிர்காலத்தை அவன் காதுபடவே தீர்மானித்துக்கொண்டிருந்தோம். எங்கள் பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியில் இடப்பக்க மூலையிலிருந்து அடிப்பவன் அவன். மோட்டார் சைக்கிள் விபத்தில் நசிந்த இடது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டு, வைத்தியசாலையிலிருந்து வீடு வந்து மூன்று கிழமைகள்தான் ஆகியிருந்தன. செயற்கைக் கால் பூட்டினால் அடுத்த பருவத்துக்கே அணிக்குத் திரும்பிவிடலாம் என்றார் தாய்மாமன். செயற்கைக் காலாகக் கரிய வளைதகடு பூட்டிய ஓட்டவீரர் ஒருவரின் காணொளியைக் கைத்தொலைபேசியில் காட்டி, இப்படி ஓடப் பழகட்டும் என்றார் ஒன்றுவிட்ட அண்ணன். நடுவர் பரீட்சை எழுதட்டும் என்று சொன்னவன் நான். எதுவென்றாலும் உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு பார்க்கலாம் என்றார் தாயார். கட்டுப்போட்ட காலைக் கதிரையில் நீட்டியபடி அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். மற்றவர்கள் எழுந்துபோன பின்னர் என்னிடம் மட்டும் கேட்டான்: “சேர், எல்லாரும் திரும்பி விளையாடு, திரும்பி விளையாடு எண்டு சொல்லுறியள். எதுக்குத் திரும்பிறது?”

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் ஒழுங்கான விடை இருக்கவில்லை. பழைய அணிக்கே திரும்புவது, பழைய விளையாட்டின் மாற்று வடிவத்துக்குப் போவது, உடற்பாதிப்புள்ளோருக்கான பரா மெய்வல்லுநர் போட்டி போன்ற வேறொரு விளையாட்டைத் தொடங்குவது, நடுவராகவோ பயிற்றுநராகவோ மைதானத்தில் நிற்பது என்று குறைந்தது நான்கு வெவ்வேறு வாழ்க்கைகளை நாங்கள் ஒரே சொல்லால் அழைத்துக்கொண்டிருந்தோம். இவற்றுள் எது யாருக்கு, எப்போது பொருந்தும் என்பதை, பின்னர் நான் விசாரித்து அறிந்தவற்றையும் கண்ணால் கண்டவற்றையும் வைத்து இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நான் கிட்ட நின்று பார்த்தது முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவனின் நிலையை என்பதால் ஒப்பீடு பெரும்பாலும் அதைச் சுற்றியே அமையும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களையும் ஒரு கண்ணை இழந்தவர்களையும் பற்றிப் பின்னர் தனியாகச் சொல்கிறேன், ஏனெனில் அவர்களுக்கு இந்தக் கணக்கே மாறிவிடுகிறது.

வழிகளை ஒப்பிடுமுன் உடல் போடுகிற நிபந்தனைகளை அறிந்துகொள்ள வேண்டும். அவற்றுள் முதலாவது முழங்கால். அது தப்பியிருந்தால் செயற்கைக் காலுடன் நடப்பதற்கு மற்றவர்களைவிட ஏறத்தாழக் கால்பங்கு சக்தி கூடுதலாகச் செலவாகும் என்றும், முழங்காலும் போய்விட்டால் அது அரைப்பங்குக்கு மேலே போகும் என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. மைதானத்தில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும். இரண்டாவது, எஞ்சியிருக்கும் காலின் பருமன். சத்திரசிகிச்சைக்குப் பின் முதலில் வீங்கியிருக்கும் அந்தப் பகுதி, வீக்கம் வடிந்தும் தசை மெலிந்தும் ஓராண்டுக்கு மேலாகச் சுருங்கிக்கொண்டே போகும். ஆகவே காலைச் செருகுகிற கிண்ணம், அதாவது எல்லோரும் சொக்கெற் என்று சொல்லும் பகுதி, தை மாதத்தில் பொருந்தினால் ஆனியில் தளரும். தளர்ந்த சொக்கெற்றுடன் துள்ளினால் தோல் உரியும். தோல் உரிந்தால் காயம் ஆறும்வரை செயற்கைக் காலையே பூட்ட முடியாது, பயிற்சி மட்டுமன்றிப் பாடசாலைக்கு நடந்து போவதும் நின்றுவிடும். மூன்றாவது, வயது. வளர்ச்சி முடியாத பிள்ளைகளில் வெட்டப்பட்ட எலும்பின் நுனி தொடர்ந்து வளர்ந்து தோலைக் குத்தக்கூடும். சிலருக்கு அதற்காக மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் பத்தொன்பது வயது இளைஞனுக்கும் ஒரே அறிவுரையை வழங்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்தில் காலிழப்பு என்றதும் ஊர் மனதில் போர்தான் வருகிறது. கண்ணிவெடியிலும் எறிகணையிலும் காலிழந்த பலர் இப்போது நடுத்தர வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுக்காகவே இங்கே செயற்கைக் கால் செய்யும் கைத்திறன் வளர்ந்தது. யாழ்ப்பாண ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையத்தின் பெயரிலுள்ள ஜெய்ப்பூர், 1968ஆம் ஆண்டளவில் இந்திய நகரான ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய இறப்பர்க் காலைக் குறிக்கிறது. அந்தக் கால் எங்களைப் போன்றவர்களை நினைத்தே செய்யப்பட்டது. சப்பாத்து இல்லாமல் நடக்கலாம், குந்தி இருக்கலாம், வயலுக்குள் இறங்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். ஆனால் வேகமாக ஓடுவதற்கும் மீண்டும் மீண்டும் துள்ளுவதற்கும் அது செய்யப்பட்டதன்று. இந்த உண்மையை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நடப்பதற்குத் தந்த காலிடம் வீட்டார் விளையாட்டை எதிர்பார்ப்பதால் வரும் ஏமாற்றத்தைப் பலமுறை பார்த்ததனால் சொல்கிறேன்.

இனி முதலாவது வழி. பழைய அணிக்கே திரும்புவதில் உள்ள கவர்ச்சியை யாரும் விளக்கத் தேவையில்லை: அதே நண்பர்கள், அதே மைதானம், அதே பட்டப்பெயர். உபகரணச் செலவும் இல்லை என்று தோன்றும். ஆனால் கரப்பந்தாட்டத்தில் அடிப்பவனின் வேலையை எடுத்துப் பாருங்கள். மூன்று நான்கு எட்டுகள் விரைந்து வந்து, இரு கால்களாலும் உந்தி எழுந்து, அடித்த பின்னர் இரு கால்களிலும் தரையிறங்குவதை ஒரு மாலைப் பயிற்சியில் நூறு தடவைக்கு மேல் செய்கிறான். கணுக்கால் இல்லாதவனுக்கு உந்தலில் பாதி போய்விடுகிறது. தரையிறங்கும் அடி முழுவதும் சொக்கெற்றின் விளிம்பில் விழுகிறது. எங்கள் மைதானங்களோ மண் மைதானங்கள். வியர்வையில் நனைந்த காலுறைக்கும் தோலுக்கும் இடையில் நாலு மணல் புகுந்தால் அரைமணித்தியாலத்தில் அது அரத்தின் வேலையைச் செய்துவிடும். அடிப்பவனைவிடத் துள்ளல் குறைந்த, பந்தைத் தூக்கிக் கொடுப்பவனின் இடமோ, துடுப்பாட்டத்தில் விக்கெட் காப்பாளரின் இடமோ கிடைத்தாலும், அதுவரை நட்சத்திரமாக இருந்தவன் இரக்கத்தின் பேரில் அணியில் வைத்திருக்கப்படுவதை அவனே முதலில் உணர்ந்துகொள்வான்.

விதிகளின் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. ஊர்ப் போட்டியில் செயற்கைக் காலுடன் வந்தவனுக்குக் கைதட்டாதவர் இல்லை. அவன் வெல்லத் தொடங்கினால்தான் விதிப்புத்தகத்தைத் தேடுவார்கள். ஜேர்மனியின் நீளம்பாய்தல் வீரர் மார்குஸ் ரேம் பதினான்காவது வயதில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். 2014ஆம் ஆண்டில் அவர் தமது நாட்டின் பொதுச் சம்பியன் போட்டியில் 8.24 மீற்றர் பாய்ந்து முதலிடம் பெற்றார். ஆனால் வளைதகடு கூடுதல் பயன் தருகிறதா என்ற சந்தேகத்தினால் அவ்வாண்டு ஐரோப்பியப் போட்டிக்கு அவரைத் தெரிவு செய்யவில்லை. 2023இல் அவர் 8.72 மீற்றர் பாய்ந்தார். பாதிப்பில்லாத வீரர்களிலும் மிகச் சிலரே எட்டிய தூரம் அது. எங்கள் பிள்ளைகள் அந்த உயரத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆயினும், பழைய பாதையில் எவ்வளவு தூரம் போனாலும் ஓரிடத்தில் கதவு மூடப்படலாம் என்பதைத் தெரிவு செய்யும்போதே தெரிந்திருப்பது நல்லது. முதலாவது வழியை நான் முற்றாக நிராகரிக்கவில்லை. மாலைநேர விளையாட்டாக, நண்பர்களோடு இருப்பதற்காக, அது வேண்டும். அடுத்த பருவத்து அணிப்பட்டியலில் பெயர் வரும் என்ற வாக்குறுதியாகத்தான் அது வேண்டாம்.

இரண்டாவது வழி, விளையாட்டை வைத்துக்கொண்டு அதன் வடிவத்தை மாற்றுவது. இதில்தான் நான் எதிர்பாராத அளவுக்குப் பொருள் இருந்தது. அமர்நிலைக் கரப்பந்தாட்டத்தின் களம் 18க்கு 9 மீற்றரிலிருந்து 10க்கு 6 மீற்றராகச் சுருங்குகிறது. ஆண்களுக்கான வலை 2.43 மீற்றரிலிருந்து 1.15 மீற்றராகவும் பெண்களுக்கானது 1.05 மீற்றராகவும் இறங்குகிறது. பந்தைத் தொடும்போது இடுப்பு தரையில் பட்டிருக்க வேண்டும். ஆட்டத்தைத் தொடக்கும் அடியான சேர்வையே வலைக்கு முன்னால் மறித்து அடிக்கலாம். செயற்கைக் கால் வேண்டாம், சக்கர நாற்காலி வேண்டாம். ஒரு வலை, ஒரு பந்து, வழவழப்பான தரை. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளூரில் விளையாடுவதற்கு இன்னும் ஐந்து காலிழந்தவர்களைத் தேடிப்போக வேண்டியதில்லை. சர்வதேசப் போட்டிகளில் யார் யார் விளையாடலாம் என்று உடற்பாதிப்பைப் பார்த்துத் தீர்மானிக்கும் வகைப்படுத்தல் உண்டுதான். ஒரு பாடசாலை மண்டபத்தில் அந்தத் தடை எதற்கு? பழைய அணி முழுவதும் அவனோடு தரையில் அமர்ந்தால் போதும்.

அதைச் செய்து பார்த்தோம். பாடசாலை மண்டபத்தின் சீமெந்துத் தரையைக் கூட்டித் துடைத்து, பூப்பந்து வலையைத் தாழ்த்திக் கட்டி, பழைய டெனிம் காற்சட்டைகளோடு பன்னிரண்டு பேர் அமர்ந்தார்கள். ஒன்பது பத்து நிமிடத்தில் இரண்டு கால்களும் உள்ள பதினொருவரும் மூச்சிரைத்துப் போனார்கள். கால்களை எங்கே வைப்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை, ஒருவரையொருவர் உதைத்துக்கொண்டார்கள். வீட்டில் மூன்று மாதங்களாகக் கிணற்றடிக்கும் அறைக்கும் கையூன்றி நகர்ந்து பழகியவனோ உள்ளங்கைகளால் தரையைத் தள்ளித் தள்ளிப் பந்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தான். அன்று அவன் அடித்த ஒரு பந்து எதிரே இருந்த அணித்தலைவனின் நெற்றியில் பட்டது. விபத்துக்குப் பின் அவன் வாய்விட்டுச் சிரித்ததை நான் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான்.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். மண்டபம் உள்ள பாடசாலைகளில் அது பரிசளிப்புக்கும் பரீட்சைக்கும் போக மிஞ்சும் நாட்களில்தான் கிடைக்கும். வெளி மைதானத்தில் அமர்ந்து விளையாடினால் தோல் கிழியும். மாவட்ட அளவில் தொடர்ச்சியான போட்டிகள் இல்லாதவிடத்து, பயிற்சி வெறும் பொழுதுபோக்காகச் சோர்ந்துபோகும். காலிழந்தோர் உதைபந்தாட்டத்தை எடுத்துக்கொண்டால், அணிக்கு எழுவர். களத்தில் ஓடுபவர்கள் ஒரு காலை இழந்தவர்கள், செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கை ஊன்றுகோல்களில் ஓடுவார்கள். கோல் காப்பாளர் ஒரு கையை இழந்தவர். செலவென்று பார்த்தால் ஊன்றுகோல் மட்டுமே. குருநகரும் நாவாந்துறையும் இளவாலையும் உதைபந்தில் ஊறிய ஊர்கள், விளையாட்டை விரும்புவோருக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒத்த வயதுடைய ஆறு பேரை எங்கிருந்து சேர்ப்பது என்பதே கேள்வி. சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்டத்துக்கு அந்தத் தொல்லையுடன் உபகரணத் தொல்லையும் சேர்கிறது: வைத்தியசாலையில் தரும் நாற்காலி உதவாது, சில்லுகள் சரிவாகப் பூட்டிய விளையாட்டு நாற்காலிகள் பத்தாவது இருந்தால்தான் ஒரு போட்டி நடக்கும். ஒரு சங்கமோ புலம்பெயர் பழைய மாணவர் கூட்டமோ முன்வந்தால் நடக்கும். தனிக்குடும்பம் ஒன்று தன் பிள்ளைக்காகத் தெரிவு செய்யக்கூடிய வழி அதுவன்று.

மூன்றாவது வழி தனியாள் விளையாட்டு. பரா மெய்வல்லுநர் போட்டிகளில் இலங்கைக்குப் பெயர் வாங்கித் தந்தது ஈட்டி எறிதல். தினேஷ் பிரியந்த ஹேரத் 2016இல் ரியோ பராலிம்பிக்கில் வெண்கலமும், டோக்கியோவில் 2021 ஓகஸ்ட் 30ஆம் திகதி 67.79 மீற்றர் என்ற உலக சாதனையுடன் தங்கமும் வென்றார். பராலிம்பிக்கில் இலங்கையின் முதலாவது தங்கம் அதுவே. கையில் பாதிப்புள்ளோருக்கான எப்46 பிரிவு அவருடையது. அதே நாளில் காலில் பாதிப்புள்ளோருக்கான எப்64 போட்டியில் துலான் கொடிதுவக்கு வெண்கலம் பெற்றார். 2024இல் பாரிஸில் அவர் 67.03 மீற்றர் எறிந்து வெள்ளிக்கு உயர்ந்தார். இந்தப் பெயர்களை உற்சாகமூட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு விளையாட்டில் நாட்டுக்குள் ஏற்கெனவே தரமான போட்டியாளர்கள் இருந்தால், அங்கே பயிற்சி முறை இருக்கிறது, தெரிவுப் போட்டி இருக்கிறது, எட்ட வேண்டிய தூரம் மீற்றரில் எழுதப்பட்டிருக்கிறது. ஹேரத் இராணுவ வீரர் என்பதையும், அந்த அமைப்பு தன் காயப்பட்டவர்களுக்குச் சம்பளமும் மைதானமும் பயிற்றுநரும் கொடுத்து வளர்க்கிறது என்பதையும், யாழ்ப்பாணத்துச் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த ஆதரவு இல்லை என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எங்கள் பிள்ளையின் நிலைக்கு மிகக் கிட்டிய உதாரணம் இந்தியாவின் சுமித் அன்டில். மல்யுத்த வீரராக வர விரும்பிய அவர் 2015இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். மல்யுத்தத்துக்கு அவர் திரும்பவில்லை. ஈட்டியை எடுத்து, டோக்கியோவில் 68.55 மீற்றர், பாரிஸில் 70.59 மீற்றர் என்று இரண்டு தங்கங்களை வென்றார். விபத்துக்கும் முதல் தங்கத்துக்கும் இடையில் ஆறு ஆண்டுகள். வலக்கையால் எறிபவருக்கு ஓடிவந்த வேகத்தை நிறுத்தித் தோளுக்கு மாற்றுவது இடது கால். அதாவது, எறியும் கணத்தில் உடலின் பாரத்தைப் போலப் பல மடங்கு விசை விழுவது செயற்கைக் காலில்தான். ஆகவே ஈட்டியும் எஞ்சிய காலைச் சும்மா விடுவதில்லை. வேறுபாடு எண்ணிக்கையில்: கரப்பந்தில் நூறு தடவை துள்ளுபவன், ஈட்டிப் பயிற்சியில் முழு ஓட்டத்துடன் பத்துப் பதினைந்து தடவை எறிவான், மிகுதி நின்ற நிலையில், மூன்று எட்டில், அல்லது பந்தெறிந்து செய்யும் பயிற்சி. கால் நோகிற நாளில் அமர்ந்திருந்தே தோளுக்கும் இடுப்புக்கும் வேலை கொடுக்கலாம். குண்டு போடுதலும் பரிதிவட்டமும் இதே கணக்கில் வரும்.

வளைதகட்டில் ஓடுவதை ஒன்றுவிட்ட அண்ணன் காட்டிய காணொளியிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். காபன் இழையாலான அந்தத் தகடு பல இலட்சம் ரூபாய் விலையுடையது. அதற்கென்று தனிச் சொக்கெற்றும், பொருத்திச் சீரமைக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். குதிகால் இல்லாததால் அதில் அசையாமல் நிற்கவே முடியாது. நடக்க வேறொரு கால் வேண்டும். உடலின் நிறைக்கேற்ப அதன் விறைப்பைத் தெரிவு செய்வதால், பதினேழு வயதில் வாங்கியது பத்தொன்பதில் பொருந்தாமற் போகலாம். காலின் பருமன் நிலைக்குமுன், அதாவது முதலாவது ஆண்டிலேயே, நன்கொடை சேர்த்து வளைதகடு வாங்கிக் கொடுப்பதுதான் நல்லெண்ணத்தில் செய்யப்படும் மிகப் பெரிய வீண்செலவு என்பது என் கருத்து. யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கில் ஓடுவதைப் பற்றி இரண்டாம் மூன்றாம் ஆண்டில் யோசிக்கலாம்.

உயரம் பாய்தலில் தமிழ்நாட்டின் மாரியப்பன் தங்கவேலுவை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஐந்து வயதில் பஸ்ஸில் அகப்பட்டு வலது கால் சிதைந்த அவர், ரியோவில் 1.89 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். அவர் சிறுவயதிலிருந்தே அந்தக் காலுடன் வளர்ந்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. பதினேழில் இழந்தவன் முன்பு தெரிந்த உடலை மறக்க வேண்டியிருக்கிறது. நீச்சலில் அந்த மறதி சற்று எளிது. தண்ணீருக்குள் செயற்கைக் கால் தேவையில்லை. தென்னாபிரிக்காவின் நாட்டலி டு டோயிட் 2001இல், பதினேழு வயதில், ஸ்கூட்டர் விபத்தில் இடது காலை இழந்த நீச்சல் வீராங்கனை. 2008இல் பீஜிங் ஒலிம்பிக்கிலேயே 10 கிலோமீற்றர் திறந்த நீர் நீச்சலில் பங்குபற்றி 16ஆம் இடம் பெற்றார். அவர் முன்பே நீச்சல் வீராங்கனை, பயிற்சிக்குத் தடாகம் இருந்தது. கீரிமலைக் கேணியில் குளிப்பது காலுக்கும் மனதுக்கும் சுகம். அதை வைத்துப் போட்டி நீச்சலைத் திட்டமிட முடியாது.

நான்காவது வழியை நான்தான் முதலில் முன்மொழிந்தேன் என்று சொன்னேன். நடுவர், புள்ளி பதிபவர், உதவிப் பயிற்றுநர்: செலவில்லை, உடலுக்கு ஆபத்தில்லை, பிற்காலத்தில் வேலைவாய்ப்புக்கும் உதவும். வீட்டாருக்கும் அதிபருக்கும் பிடித்த வழியும் இதுவே. அடுத்த நாள் அவனிடம் இதை விரித்துச் சொன்னபோது, “விசில் ஊதலாம் சேர். ஆனா ஊதிப்போட்டு நான் என்ன, மற்றவன் அடிக்கிறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?” என்றான். பதினேழு வயதில் உடலால் விளையாடத் துடிப்பவனைப் பார்வையாளர் பக்கத்துக்கு மரியாதையோடு அனுப்பிவைக்கும் வேலையைத்தான் நான் செய்திருக்கிறேன் என்று அப்போது விளங்கியது. இருபத்தைந்து வயதில் தானாகத் தெரிவு செய்தால் இது நல்ல தொழில். காயம் ஆறுமுன் பெரியவர்கள் தெரிவு செய்து கொடுத்தால், ஓய்வூதியம் போன்றது. பெண் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுருக்கமான வழி காட்டப்படுகிறது: வலைப்பந்தாட்டத்தில் மாகாணம்வரை போன பிள்ளைக்குக் கூட, இனி விளையாட்டு எதற்கு, படி என்பதோடு பேச்சு முடிந்துவிடும், செயற்கைக் கால் வெளியே தெரியுமே என்ற கவலை, கால் நோகுமே என்ற கவலையை முந்திவிடும். நான் மேலே சொன்ன முதல் மூன்று வழிகளும் அவர்களுக்கும் உரியவை.

வேறு காயங்களில் ஒப்பீடு மாறும் என்றேன். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவருக்கு முதலாவது வழி இல்லை; நான்காவது வழியை எல்லோரும் இன்னும் விரைவாக நீட்டுவார்கள். கதிரையில் அமர்ந்தபடி ஈட்டியோ குண்டோ எறியும் அமர்ந்தெறிதல் அவர்களுக்குப் பொருந்தும். எறிகதிரையின் இருக்கை உயரம் 75 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல், அசையாதபடி தரையோடு கட்டப்பட வேண்டும் என்பது விதி. உள்ளூர் வெல்டிங் கடையில் இரும்புக் குழாயில் செய்துகொள்ளலாம். ஆனால் பாதிப்பு மார்பின் நடுப்பகுதிக்கு மேலே இருந்தால் இரண்டு விடயங்களில் மிகுந்த கவனம் தேவை. பாதிப்புக்குக் கீழே உடல் சரியாக வியர்க்காது. சித்திரை வெயிலில் மைதானத்தில் இருப்பது உயிராபத்தாகக் கூட முடியலாம். சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பது போன்ற சிறு தொல்லையும் இரத்த அழுத்தத்தைச் சடுதியாக ஏற்றிவிடும்; தலையிடி, முகச் சிவப்பு என்று தொடங்கும்போதே பயிற்சியை நிறுத்தி, அவரை நிமிர்த்தி இருத்தி, காரணத்தைத் தேட வேண்டும், அடங்காவிட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதை அறியாத பயிற்றுநரிடம் அப்பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது.

ஒரு கண்ணை இழந்தவர்களுக்கு நேர்மாறான நிலை. மற்றக் கண் நன்றாகத் தெரிந்தால் பரா போட்டிகளில் அவர்களுக்கு இடமில்லை. மூன்றாவது வழி மூடியிருக்கிறது, முதலாவது திறந்திருக்கிறது. இந்தியத் துடுப்பாட்ட வீரர் மன்சூர் அலிகான் பட்டோடி 1961 ஜூலையில் கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்து, அதே ஆண்டு டிசம்பரில் டெஸ்ட் போட்டியில் களமிறங்கினார், அடுத்த மார்ச்சில் அணித்தலைவரானார். அவரைக் காட்டி எந்தப் பிள்ளையையும் ஐந்து மாதத்தில் வேகப்பந்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்பதில்லை. எஞ்சிய கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். பரா பிரிவுகளைப் பற்றி இன்னொன்று: தீராத வலி மட்டும் உள்ளவருக்கு அங்கே தகுதியில்லை. எலும்பு முறிந்து ஒரு கால் குட்டையானவருக்கும் வித்தியாசம் 7 சென்ரிமீற்றராவது இருந்தால்தான் தகுதி. வகைப்படுத்தலுக்குப் போகுமுன் இயன்மருத்துவரிடம் இதைக் கேட்டறிந்தால் கொழும்புப் பயணமொன்று மிச்சமாகும்.

எல்லாவற்றையும் வைத்து என் தெரிவு இதுதான். முதலாவது ஆண்டில் எந்த விளையாட்டையும் ‘இதுதான் இனி’ என்று முடிவு செய்ய வேண்டாம். அமர்நிலைக் கரப்பந்தாட்டத்தைப் போல, செயற்கைக் காலை நம்பியிராத ஒன்றைக் கிழமைக்கு இரண்டு நாள், பழைய நண்பர்களோடு விளையாடட்டும். காலின் பருமன் நிலைத்து இரண்டாவது சொக்கெற் பொருந்திய பின்னர் எறிதல் நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கட்டும். ஓட்டமும் வளைதகடும் அதற்குப் பின். நடுவர் பரீட்சை எப்போது வேண்டுமானாலும், அவனே கேட்டால் மட்டும். உயர்தரப் பரீட்சை இந்த ஒழுங்குக்குத் தடையில்லை. பருமன் நிலைக்கக் காத்திருக்கும் மாதங்களும் படிக்கும் மாதங்களும் ஒன்றாகவே ஓடுகின்றன என்று சொன்னபோதுதான் தாயார் முதன்முறையாகத் தலையசைத்தார். விபத்து நடந்த சந்தியைக் கடக்கும்போது உடல் நடுங்குவதும், இரவில் தூக்கமில்லாமையும், இல்லாத பாதம் வலிப்பதும் தொடர்ந்தால் அவற்றை மனத்திடமின்மை என்று ஒதுக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இல்லாத காலில் வரும் வலி உண்மையான வலி, அதற்குச் சிகிச்சையும் உண்டு.

இந்த ஒழுங்கில் நான் பிழைவிட்ட இடமும் உண்டு. இரண்டாவது சொக்கெற் வருமுன்னரே, அவன் கெஞ்சியதால், ஈட்டியைக் கையில் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே ஐந்து சத நாணயமளவு தோல் உரிந்து, பதினெட்டு நாள் காலைப் பூட்ட முடியாமற் போனது. வீட்டாருக்கு நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றபோது, கட்டில் விளிம்பில் இருந்தபடி தலையணையை எறிந்து தோளுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தான் அவன்.

போன வியாழக்கிழமை மாலை அவனோடு மைதானத்தில் இருந்தேன். நான்காவது எறிக்குப் பிறகு கோட்டருகே அமர்ந்து, காலைக் கழற்றி, உள்ளங்கையால் தடவித் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தான். மாலையாகக் கால் கொஞ்சம் சுருங்கும். பையிலிருந்து இன்னொரு காலுறையை எடுத்து முதலாவதன் மேல் இழுத்துப் போட்டு, காலை மீண்டும் செருகி, எழுந்து இரண்டு தடவை மிதித்துப் பார்த்தான். “ஓட்டத்தைப் பதினொரு எட்டிலயிருந்து ஒன்பதாக் குறைச்சுப் பாப்பமோ சேர்?” என்றான். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் நடந்தேன்.